இன்டிகேட்டர் யாருக்குப் போட்டான்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் ‘பேசிக்கொள்ளும் வாகனங்கள்’ பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். படங்கள் அழகாக இருந்தன. ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்கு நீல நிறத்தில் அலை அலையாகக் கோடு போட்டிருந்தீர்கள். முன்னால் போகிற வண்டி பிரேக் பிடித்தால் பின்னால் வருகிற வண்டிக்கு அந்தக் கணமே தெரிந்துவிடும், இனி விபத்து என்ற பேச்சுக்கே இடமில்லை என்று முடித்திருந்தார் கட்டுரையாளர்.

நான் 31 வருஷம் கனரக வண்டி ஓட்டியவன். இப்போது ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் புது ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒரு கேள்வி வரும், வரும் என்று கடைசி வரி வரை எதிர்பார்த்தேன். வரவில்லை. ஒரு வண்டி சொல்வதை இன்னொரு வண்டி எதை வைத்து நம்பும்?

வண்டிகள் பேசிக்கொள்வது ஒன்றும் புதுசு இல்லை. லைட்டை அடிப்போம், ஹாரன் கொடுப்போம், ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டுவோம். எதிரே வருகிற வண்டி இரண்டு தடவை டிம் அடித்தால் ‘நீ முதலில் போ’ என்று எடுத்துக்கொள்ளும் நாடு இருக்கிறது. ‘நான் வருகிறேன், நீ நில்’ என்று எடுத்துக்கொள்ளும் நாடும் இருக்கிறது. ஒரே விளக்கு, நேரெதிர் அர்த்தம். இதில் எனக்கு ஒரு சொந்தக் கதை உண்டு.

ஓட்ட ஆரம்பித்து ஆறேழு வருஷம் ஆன சமயம். பின்னிரவு, இருவழிச் சாலை, முழு லோடு. முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் சைடு கேட்டேன். ஒரு கட்டத்தில் அவன் இன்டிகேட்டர் போட்டான். லாரிக்காரர்களுக்குள் அதற்கு ஒரு பழைய அர்த்தம் உண்டு: எதிரே ஒன்றும் இல்லை, முந்திக்கொள். ஏறிவிட்டேன். பாதி ஏறிய பிறகுதான் தெரிந்தது, அவன் திரும்பப் போகிறான் என்பதும், எதிரே ஒரு பஸ் வருகிறது என்பதும். பஸ் ஓட்டுநர் கெட்டிக்காரர், மண் ஓரத்தில் இறக்கிவிட்டார். நானும் எப்படியோ இடையில் நுழைந்து வெளியே வந்துவிட்டேன். பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்று போனது, அவ்வளவுதான். கிளீனர் பையன் ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டான்: “அண்ணே, அவன் யாருக்குப் போட்டான் இன்டிகேட்டரை?”

அந்தக் கேள்வியை இன்றைக்கும் என் வகுப்பில் முதல் நாள் கேட்கிறேன். பொய் சொன்னவன் யாருமில்லை. அவன் தன் காரணத்துக்குப் போட்டான், நான் என் அவசரத்துக்குப் படித்தேன்.

சரி, புது வண்டிகளுக்கு வருவோம். என் மகள் வாகனத் தொடர்புப் பெட்டிகளைப் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொல்லித் தெரிந்துகொண்டது. தப்பு இருந்தால் அது என் மண்டையின் தப்பு. இந்தப் பெட்டி உள்ள வண்டி, தான் எங்கே இருக்கிறது, என்ன வேகம், எந்தத் திசை, பிரேக் மிதித்திருக்கிறதா, வண்டி எவ்வளவு நீளம் அகலம் என்பதையெல்லாம் ஒரு சின்னச் செய்தியாக்கி, நொடிக்குப் பத்து தடவை வரை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். இன்னாருக்கு என்று இல்லை. சுமார் 300 மீட்டர் தூரத்துக்குள் யார் காதில் விழுந்தாலும் சரி. கூப்பிட்டுப் பேசுகிற போன் மாதிரி அல்ல இது, தனக்குத் தானே புலம்பிக்கொண்டு போகிறவரை நாம் ஒட்டுக் கேட்கிற மாதிரி.

ஒரு நாள் ராத்திரி அவள் வீட்டில் உட்கார்ந்து அப்படி ஒரு பெட்டியின் பதிவைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தாள். வரி வரியாக எண்கள், ஒரு நொடிக்குப் பத்து வரி. எனக்கு அதில் புரிந்தது வேகம் என்ற பத்தி ஒன்றுதான். விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தேன். 72, 72, 71, 0, 0, 71, 71. விரல் நின்றுவிட்டது.

“இந்த வண்டி எத்தனை டன்?” என்று கேட்டேன்.

“சரக்கு வண்டிதான் அப்பா, பெரிசு.”

“அப்படியானால் இதன் ஓட்டுநர் இப்போது கண்ணாடிக்கு வெளியே கிடப்பான். 71-இல் போகிற வண்டி ஒரு வரிக்குள் நின்று, இரண்டு வரி கழித்து மறுபடி 71-இல் ஓடுமா?”

அவள் சிரித்தாள். “சென்சார் கோளாறு. ஆனால் கையொப்பம் சரியாத்தான் இருக்கு.”

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கடிதமே.

விஷயம் இதுதான். கண்டவன் எல்லாம் நடுவில் புகுந்து பொய்ச் செய்தி அனுப்பக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு செய்தியின் அடியிலும் ஒரு டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். அதற்கென்று சான்றிதழ் கொடுக்கும் அமைப்பு தனியாக உண்டு. சான்றிதழ் இல்லாத செய்தியை மற்ற வண்டிகள் குப்பையில் போட்டுவிடும். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கையொப்பம் என்ன சொல்கிறது? இது முறையாகப் பதிவான பெட்டியிலிருந்து வந்தது, வழியில் யாரும் திருத்தவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. பெட்டிக்குப் பின்னால் இருக்கிற சென்சார் உளறினால், அந்த உளறலும் அதே கையொப்பத்தோடு ஜம்மென்று வந்து சேரும். உறையின் மேல் முத்திரை சரியாக இருக்கிறது என்பதற்காக உள்ளே இருக்கிற கணக்கு சரி என்று எந்த முதலாளியும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அதே பதிவில் இன்னொரு வண்டி. நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தது திடீரென்று ஆறு மீட்டர் பக்கவாட்டில் தாவியது. திசை மாறவில்லை, வேகம் குறையவில்லை, வண்டி மட்டும் தாவியிருக்கிறது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் இப்படி ஆகுமாம். ஒரு தடத்தின் அகலமே மூன்றரை மீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். ஆறு மீட்டர் என்றால் அந்த வண்டி பக்கத்துத் தடத்தையும் தாண்டி அதற்கடுத்த தடத்தில் இருப்பதாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை நம்பி ஒரு வண்டி பிரேக் பிடித்தால் அதன் பின்னால் வருகிறவன் கதி?

நான் விரலை வைத்துக் கண்டுபிடித்ததைச் செய்யத்தான் இப்போது பெட்டிக்குள்ளேயே கணக்கு வைக்கிறார்களாம். சொன்ன வேகத்துக்கும் நகர்ந்த தூரத்துக்கும் ஒத்துப்போகிறதா? இரண்டு வண்டி ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று நிற்பதாகச் சொல்கின்றனவா? என் சொந்த ராடாருக்கும் கேமராவுக்கும் அந்த வண்டி தெரிகிறதா? இதெல்லாம் பழைய ஓட்டுநர் மண்டைக்குள் ஓடுகிற கணக்குதான். எதிரே ஒற்றை விளக்கு வந்தால் அது பைக்கா, ஒரு விளக்கு அவிந்த லாரியா என்று விளக்கு ஆடுகிற ஆட்டத்தை வைத்தே சொல்லிவிடுவோம். உங்கள் கட்டுரையில் இந்தப் பகுதிக்கு ஒரு பத்தி கூட இல்லை. நீலக் கோடு மட்டும் இருந்தது.

வேண்டுமென்றே ஏமாற்றுகிறவன் வந்தால் கதை இன்னும் சிக்கல். வண்டி போகிற இடமெல்லாம் ஒரே பெயரில் பேசிக்கொண்டு போனால் யார் எங்கே போனார் என்று பின்தொடர்ந்துவிடலாம் அல்லவா? அதற்காக ஒவ்வொரு வண்டிக்கும் பல புனைபெயர்ச் சான்றிதழ்கள் தருகிறார்கள். அமெரிக்காவில் வகுத்த முறையில் வாரத்துக்கு 20. வண்டி அவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒருவன் பெட்டியைப் பிரித்து மேய்ந்து அந்த 20-ஐயும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால்? வெறிச்சோடிய சாலையில் 20 வண்டி நெரிசல் வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் கையொப்பம் சுத்தமாக இருக்கும். கண்டுபிடித்து அந்தச் சான்றிதழ்களை ரத்துப் பட்டியலில் போட்டாலும், அந்தப் பட்டியல் சாலையில் ஓடுகிற எல்லா வண்டிக்கும் போய்ச் சேர்கிற வரை பொய் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

‘பல பேர் சொன்னால் நம்பலாமே’ என்று நானும் மகளிடம் சொன்னேன். அவள் 2020-இல் வெளியே தெரியவந்த பெர்லின் கதையைச் சொன்னாள். சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் ஒரு சின்னக் கைவண்டியில் 99 பழைய செல்போன்களைப் போட்டு இழுத்துக்கொண்டு காலியான தெருவில் நடந்தார். கூகுள் வரைபடத்தில் அந்தத் தெரு நெரிசல் என்று சிவப்பாகிவிட்டது. 99 போனும் அசல், ஒன்றும் போலி இல்லை. 99 சாட்சி, இழுத்தது ஒரு கை. அதிலிருந்து ‘எத்தனை பேர் சொன்னார்கள்’ என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். ‘ஒருவரோடொருவர் சம்பந்தமில்லாத எத்தனை பேர் சொன்னார்கள்’ என்று கேட்கிறேன்.

அடுத்தது நேரம். ‘அந்தக் கணமே’ என்று எழுதியிருந்தீர்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் என்றாலே இரண்டரை மீட்டர், ஒரு பைக்கின் நீளத்துக்கு மேல். ஒரு செய்தி தவறி அடுத்தது வந்தால் ஐந்து மீட்டர், ஒரு காரே உள்ளே போய்விடும். செய்தி தவறுமா என்றால், தவறும். நெரிசலில் எல்லா வண்டியும் ஒரே அலைவரிசையில் பேசினால் ஒருவர் பேச்சு ஒருவருக்கு விளங்காது. அதனால் கூட்டம் கூடக் கூட ஒவ்வொரு பெட்டியும் தன் பேச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, இந்தப் பெட்டிகள் பேசுகிற 5.9 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை பெரிய தகரத்தைத் தாண்டிப் போகத் திணறும். அதாவது, நான் ஓட்டிய மாதிரியான ஒரு டிரெய்லர் நடுவில் போனாலே முன்னால் இருக்கிற காருக்கும் பின்னால் இருக்கிற காருக்கும் இடையே சுவர் எழுப்பின மாதிரிதான். கண்ணை மறைத்ததற்கு 31 வருஷம் திட்டு வாங்கினேன், இனி காதையும் மறைத்ததாகச் சொல்வார்கள் போல.

கணத்தில் மாறுகிற செய்தி இப்படி என்றால், கொஞ்ச நேரம் நிற்கிற செய்திக்கு வேறு நோய். ‘முன்னே பழுதான வண்டி’, ‘சாலையில் எண்ணெய்’ போன்ற எச்சரிக்கைகளுக்கு ஐரோப்பிய முறையில் தனி வகைச் செய்தி இருக்கிறது. எவ்வளவு நேரம் செல்லும் என்று அதில் குறிப்பிடலாம், குறிப்பிடாவிட்டால் 600 நொடி, அதாவது பத்து நிமிஷம். சொன்ன வண்டியே ‘சரியாகிவிட்டது’ என்று திரும்பப் பெறவும் வழி உண்டு. சொன்ன வண்டி போய்விட்டாலும், அந்த வழியாக வருகிற இன்னொரு வண்டி ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று மறுக்கவும் வழி உண்டு. இந்த மறுக்கிற வசதியைக் கேட்டதும் எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது எனக்கு. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் நிறுவனத்து வண்டிகள் சிலவற்றில் இப்படி எச்சரிக்கை காட்டும் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். யார் தயாரிப்பு என்பது இங்கே வேண்டாம். அதில் திரும்பப் பெறுவதும் கிடையாது, மறுப்பதும் கிடையாது. எப்போதோ இழுத்துக்கொண்டு போய்விட்ட வண்டிக்கு மஞ்சள் முக்கோணம் காட்டிக் கீகீ என்று கத்தும். முதல் வாரம் எல்லோரும் பிரேக்கில் கால் வைத்தார்கள். இரண்டாவது வாரம் திட்டினார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு வண்டியைப் பரிசோதிக்க ஏறினேன். டேஷ்போர்டில் ஒலி வருகிற சின்னத் துளைகளின் மேல் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி இரண்டு, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தது. ஓட்டுநர் நிதானமான ஆள், நான் பயிற்சி கொடுத்த பையன்களில் ஒழுங்கானவன். “இது என்னப்பா?” என்றேன். “அதுக்கு வாய்க் கொழுப்பு சார்” என்றான். பிளாஸ்திரியைப் பிய்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனுக்குப் பின்னால் வருகிறவன் உயிருக்கும் சேர்த்துத்தான் அந்தக் கருவி கத்துகிறது, ஆனால் இருபது தடவை பொய் சொன்னதை இருபத்தோராவது தடவை நம்பு என்று எந்த முகத்தோடு சொல்வது?

இதுவரை சொன்னதெல்லாம் பெட்டி உள்ள வண்டிகள் பற்றி. அந்தப் பெட்டிகளுக்குள்ளேயே பாஷை ஒன்றாக இல்லை. வைஃபை குடும்பத்தைச் சேர்ந்தது ஒன்று, செல்போன் குடும்பத்தைச் சேர்ந்தது ஒன்று. ஒன்று பேசுவது மற்றொன்றுக்குப் புரியாது. அமெரிக்கா 1999-லேயே இதற்கென்று 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒதுக்கியது. 2012-இல் ஆன் ஆர்பர் நகரில் சுமார் 2,800 வண்டிகளில் பொருத்தி ஓட்டிப் பார்த்தார்கள். 2020-இல் ஒதுக்கியதில் 45 மெகாஹெர்ட்ஸைப் பிடுங்கி வைஃபைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் 30-ஐச் செல்போன் குடும்பத்துக்கு என்று மாற்றினார்கள். ஐரோப்பாவில் எட்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் வைஃபை வகைப் பெட்டியோடு வந்தது. ஜப்பானில் 760 மெகாஹெர்ட்ஸில் தனிக் கச்சேரி. இருபது வருஷத்துக்கு மேல் வெள்ளோட்டம் பார்த்தும் இன்னும் எந்தப் பாஷையில் பேசுவது என்றே முடிவாகவில்லை. லாரிக்காரன் இன்டிகேட்டருக்கு இரண்டு அர்த்தம் வைத்திருந்தான் என்று சிரிக்க யாருக்கும் யோக்கியதை இல்லை.

பெட்டியே இல்லாதவர்கள் ஒரு பக்கம் இருக்கிறார்கள்: நடந்து போகிறவர், சைக்கிள்காரர், பழைய வண்டி வைத்திருப்பவர். ஒரு வண்டி தன் கேமராவில் பார்த்ததையும் மற்ற வண்டிகளுக்குச் சொல்கிற மாதிரி அடுத்த வகைச் செய்தி வந்திருக்கிறது. ‘எனக்கு முன்னால் ஒருவர் சாலையைக் கடக்கிறார்’ என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்லும். இது வந்தால் என் டிரெய்லர் மறைத்ததை என் டிரெய்லரே சொல்லிவிடலாம். இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இங்கே அவன் தன்னைப் பற்றிச் சொல்லவில்லை, மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்கிறான். வாய்வழிச் செய்திக்கு என்ன மரியாதையோ அதைத்தான் இதற்கும் கொடுக்க வேண்டும். ‘ஒருவர் இருக்கிறார்’ என்று சொன்னால் தயங்காமல் காலை பிரேக்குக்குக் கொண்டு போகலாம். ‘யாரும் இல்லை’ என்று சொன்னால், சொன்னவன் பார்க்க முடிந்த இடம் எவ்வளவு என்று தெரியாமல் ஆக்சிலரேட்டரை மிதிக்கக் கூடாது. எச்சரிக்கைக்கு ஒரு சாட்சி போதும், அனுமதிக்கு ஒன்பது சாட்சி வந்தாலும் கண்ணால் பார். என் வகுப்பில் இதைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறேன்.

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை தயாரிப்பாளர் யாரிடமாவது பேசினால், எத்தனை கிலோமீட்டர் வேகம், எத்தனை அங்குலத் திரை என்று கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். திரையில் எச்சரிக்கை வரும்போது அது எத்தனை நொடி பழசு என்பதும் கூடவே வருமா? வண்டி தானே பார்த்ததா, அடுத்தவர் சொன்னதா என்று ஓட்டுநருக்கு வித்தியாசம் தெரியுமா? தப்பாகச் சொன்ன பெட்டியை யார் வாயடைப்பார்கள், எத்தனை நாளில்? பிளாஸ்திரி ஒட்டிய பையனுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

‘அந்தக் கணமே’ என்ற சொல்லுக்கு ஒரு சின்னத் திருத்தம் போட முடிந்தால் போடுங்கள். பத்தில் ஒரு நொடி என்று போட்டால் போதும், மீட்டர் கணக்கை வாசகர்கள் போட்டுக்கொள்வார்கள்.

இந்தக் கடிதத்தை அனுப்புமுன் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். “20 சான்றிதழ் விஷயத்தை எடுத்துடுங்கப்பா, படிக்கிறவங்களைக் குழப்பும்” என்றாள். எடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கனரக வாகன ஓட்டுநர், இந்நாள் பயிற்சியாளர்